ஆர்க்கிட்டுக்கு எந்தத் தண்ணீர்? பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் குறித்து ஒரு மதிப்புரை

வட சென்னையில் ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் உரமோ பூச்சிமருந்தோ வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள், நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும், பேனா வடிவில் வரும் டிடிஎஸ் மீட்டர் என்பது என் உறுதியான கருத்து. வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூரின் கடைகளில் இது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்டையார்பேட்டையில் என் வீட்டில் இருப்பதும் அங்கே வாங்கியதுதான். ஒரே வார்ப்பில் செய்த இந்தக் கருவி பல அட்டைப்பெட்டிகளில் பல பெயர்களில் விற்கப்படுவதால், குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தை முன்னிறுத்தாமல், இந்த வகைக் கருவியைப் பற்றியே எழுதுகிறேன். இது காட்டும் எண்ணை நம்பலாமா என்பதும், நம்பலாம் என்றால் நம் பகுதியில் கிடைக்கும் பலவகைத் தண்ணீரில் எதை ஆர்க்கிட்டுக்கு ஊற்றுவது என்பதுமே இங்கே பார்க்க வேண்டியவை.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு, ஆர்க்கிட்டின் வேரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நாம் வீடுகளில் வளர்க்கும் டெண்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ், வாண்டா ஆகியவை இயற்கையில் மரக்கிளைகளில் தொற்றி வளர்பவை. அவற்றின் வேரைச் சுற்றி வெலமன் என்ற வெண்மையான, நுண்துளைகள் நிறைந்த உறை இருக்கிறது. மழை தொட்டவுடன் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதற்காக அமைந்த உறை அது. கிளையில் வழிந்து வரும் மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால், உப்பைத் தாங்கும் தேவை இந்தச் செடிகளுக்குப் பெரிதாக ஏற்பட்டதில்லை. செம்பருத்திக்கும் மல்லிகைக்கும் தொட்டியில் மண் இருக்கிறது. உப்பின் ஒரு பங்கை மண் தாங்கிக்கொள்கிறது. அடுப்புக்கரியும் ஓட்டுச் சில்லும் மட்டுமே உள்ள ஆர்க்கிட் தொட்டியில் அந்தத் தாங்கல் கிடையாது. ஊற்றிய நீர் கத்திரி வெயிலில் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு மட்டும் கரியின் மேலும் வேரின் மேலும் தங்கிவிடுகிறது. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு, பச்சையாக இருக்க வேண்டிய வேர்நுனி பழுப்பாகிக் கருகுதல், இலைநுனி காய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து தெரிந்தால், நோய் என்று மருந்து தெளிப்பதற்கு முன்னால் தண்ணீரைச் சோதிப்பதே முறை.

கேரளத்து நாற்றங்கால்காரர்கள் செடி விற்கும்போது கிணற்று நீரே போதும் என்று சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. செம்பாறை நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்புக் குறைந்ததாகவும் சற்றே அமிலத்தன்மை உள்ளதாகவும் இருக்கும். அதே அறிவுரையைக் கடலோரத்தில், அதிலும் எண்ணூர் முதல் காசிமேடு வரையுள்ள பகுதியில், போர் தண்ணீருக்குப் பொருத்திப் பார்த்தால் செடி தாங்காது.

ஆர்க்கிட் வளர்ப்போர் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு இதுதான்: 100 பிபிஎம்முக்குக் (அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம் உப்புக்கு) கீழே இருந்தால் எந்த வகைக்கும் தயங்காமல் ஊற்றலாம், 200 வரை பெரும்பாலான வகைகளுக்குக் கேடில்லை, அதற்கு மேல் போகப் போக, அடிக்கடி தொட்டியைக் கழுவி வடிக்கும் வேலை கூடும், 500ஐத் தாண்டிய நீரை ஆர்க்கிட்டுக்குத் தவிர்ப்பதே நல்லது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் சொல்கிறது. மனிதர் குடிக்கத் தகுந்தது என்று தரநிலை ஏற்கும் நீர், ஆர்க்கிட்டுக்குக் கெடுதலாக இருக்க முடியும் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. குடிக்கிற தண்ணீரைத்தானே ஊற்றுகிறோம் என்ற எண்ணத்திலேயே பல செடிகள் வாடிப்போகின்றன.

இனி கருவிக்கு வருவோம். இது நீரில் உள்ள உப்பை எடைபோடுவதில்லை. நுனியில் உள்ள இரண்டு மின்முனைகளுக்கு இடையே நீர் எவ்வளவு மின்னைக் கடத்துகிறது என்று அளந்து, அதை ஒரு காரணியால் பெருக்கி எண்ணாகக் காட்டுகிறது. சில கருவிகள் 0.5 என்ற காரணியையும் சில 0.7 என்ற காரணியையும் பயன்படுத்துவதால், ஒரே குவளை நீருக்கு இரண்டு கருவிகள் வெவ்வேறு எண் காட்டினால் ஒன்று பழுது என்று முடிவு கட்டக் கூடாது. உங்கள் கருவி எந்தக் காரணியில் இயங்குகிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சமையலறைத் தராசில் 10 கிராம் தூள் உப்பை நிறுத்து, ஆர்.ஓ. நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கி, அதில் 100 மில்லிலிட்டரை மட்டும் எடுத்து மீண்டும் ஆர்.ஓ. நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கினால், லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள கரைசல் கிடைக்கும். கருவி 1000ஐ ஒட்டிக் காட்டினால் காரணி 0.5, 1400ஐ ஒட்டிக் காட்டினால் 0.7. என்னுடையது முதல் வகை. எண் சற்று முன்பின் இருந்தாலும், நம் தேவைக்கு அந்தத் துல்லியம் போதும்; 60க்கும் 75க்கும் உள்ள வேறுபாட்டை ஆர்க்கிட் பொருட்படுத்துவதில்லை.

கருவியின் பெரிய குறை திரையில் இருக்கிறது. 999 வரை எண்ணை அப்படியே காட்டும் இந்தப் பேனா, அதற்கு மேல் போனால் பத்தில் ஒரு பங்கைக் காட்டிவிட்டு, ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் ‘பத்தால் பெருக்குக’ என்பதற்கான குறியை மட்டும் போடுகிறது. மாலை வெளிச்சத்தில், கண்ணாடி போடாமல் பார்ப்பவர்களுக்கு அந்தக் குறி தெரியவே தெரியாது. எங்கள் கட்டடத்தின் மாடி வீட்டு அக்கா இதை இரவல் வாங்கிப்போய், “நம்ம போர் தண்ணி 138தான்மா காட்டுது, நல்ல தண்ணிதான்” என்று மகிழ்ச்சியோடு சொன்னார். உண்மையில் அது 1380. வட சென்னையில் போர் தண்ணீரை அளக்கிற யாரும் இந்தக் குறியை முதலில் தேட வேண்டும். தயாரிப்பாளர்கள் நான்கு இலக்கத் திரை வைத்தாலே தீர்ந்துவிடும் குறை இது என்பதால், இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

மற்றபடி பயன்படுத்துவது எளிது. மூடியைக் கழற்றி, நுனியை மட்டும் நீரில் நனைத்து, மெல்லத் தட்டிக் காற்றுக்குமிழை வெளியேற்றி, எண் நிலைக்கும்வரை காத்திருந்தால் போதும். ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்கு மாற்றும்போது நுனியை ஆர்.ஓ. நீரில் அலசாவிட்டால், முன்னதன் உப்பு பின்னதில் கலந்து எண்ணை ஏற்றிக் காட்டும். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் நீரின் மின்கடத்தும் திறன் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். இதைச் சரிக்கட்டும் வசதி கருவியில் இருந்தாலும், வெயிலில் காய்ந்த ஓவர்ஹெட் டேங்க் நீரை உடனே அளக்காமல், குவளையில் ஆறவிட்டு அளப்பதே நல்லது.

எங்கள் வீட்டைச் சுற்றிக் கிடைக்கும் தண்ணீரை இதைக் கொண்டு அளந்து பார்த்ததில் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். போர் தண்ணீர் 1380 என்பதை ஏற்கெனவே குறிப்பிட்டேன். மீஞ்சூர் வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை மிகையாக இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது என்பது நிலத்தடி நீர் ஆய்வுகளில் நன்றாகப் பதிவான செய்தி. கடலை ஒட்டிய நம் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக்கரிப்பதைச் சொல்ல எந்த ஆய்வும் தேவையில்லை. இந்த நீர் ஆர்க்கிட்டுக்கு எந்த வகையிலும் ஆகாது.

அடிபம்பில் வரும் மெட்ரோ வாட்டர், பருவத்தைப் பொறுத்து 250க்கும் 450க்கும் இடையே ஏறி இறங்குகிறது. ஏரி நீர் மழைக்குப் பின் தெளிந்தும், கோடையில் ஆவியாகிச் செறிந்தும் வருவதால் இந்த ஏற்றத்தாழ்வு இயல்பானதே. ஆனால் வட சென்னையில் இன்னொரு காரணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். புழல் ஏரி நீரோடு, காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் நீரும் நம் பகுதிகளுக்கு வருகிறது. ஏரி நீரில் கரைந்திருப்பதில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கணிசமான பங்கு. கடல்நீரைச் சுத்திகரித்த நீரில் மிஞ்சியிருப்பதோ பெரும்பாலும் சோடியம் குளோரைடு. முன்னது ஓரளவு செடிக்கு உணவு. பின்னது வெறும் சுமை. இரண்டுக்கும் கருவி 300 என்றே காட்டக்கூடும். எவ்வளவு என்று சொல்லும் கருவிக்கு எது என்று சொல்லத் தெரியாது என்பதே இதன் அடிப்படை வரம்பு. ஆகவே எண்ணோடு, அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மெட்ரோ வாட்டரில் உள்ள குளோரினைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். குழாய்நீரில் இருக்கும் அளவு ஆர்க்கிட்டுக்குப் பெரிய கேடு செய்வதில்லை. வேண்டுமானால் வாளியில் ஓர் இரவு திறந்து வைக்கலாம்.

இந்த வரம்பு மிக ஆபத்தாக வெளிப்படும் இடம், கடின நீரை மென்னீராக்க அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொருத்தப்படும் சாஃப்ட்னர். குளிக்கும்போது சோப்பு நன்றாக நுரைக்கிறது, குழாயில் வெள்ளைப் படிவு இல்லை என்பதால், அந்த நீர் செடிக்கும் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை. சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைக் கொடுக்கிறது. கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் ஏறத்தாழ 46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேரும். சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் கருவியை நனைத்துப் பார்த்தால் எண் பெரும்பாலும் மாறாமலே இருப்பதைக் காணலாம். கடினமான போர் தண்ணீரைவிட, சாஃப்ட்னர் வழியாக வந்த அதே போர் தண்ணீர் ஆர்க்கிட்டுக்கு இன்னும் மோசமானது. தண்ணீர்த் தேர்வில் நான் வேறெதையும்விட இதையே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நீர் எங்களிடம் 80ஐ ஒட்டி இருக்கிறது. எல்லா ஆர்க்கிட்டுக்கும் ஏற்றது. இருப்பினும் இரண்டை விசாரித்துக்கொள்ள வேண்டும். சுவைக்காகச் சுத்திகரிக்காத நீரைச் சிறிது கலக்கும் திருகு பல இயந்திரங்களில் உள்ளே இருக்கிறது. சர்வீசுக்கு வருகிறவர் அதைத் திறந்துவிட்டுப் போனால் எண் இரட்டிப்பாகியிருக்கும். நீரைக் காரமாக்கும் அல்கலைன் கேட்ரிட்ஜ் பொருத்தியிருந்தால், ஓரளவு அமிலத்தன்மையை, அதாவது 5.5 முதல் 6.5 வரையான பிஎச் அளவை விரும்பும் ஆர்க்கிட்டுக்கு அது எதிர்த்திசை. பிஎச் அளவை இந்தப் பேனா காட்டாது. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டுமருந்துச் சோதனையே போதும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக்குழாய் நீரைச் செடிக்கு ஊற்றும் நல்ல வழக்கம் நம் வீடுகளில் பரவியிருக்கிறது. வாழைக்கும் தென்னைக்கும் அது சரி. ஆனால் உள்ளே போகும் நீர் 600 என்று வைத்து, நான்கில் ஒரு பங்கு 60ஆகச் சுத்தமாகி வெளியேறினால், மீதி மூன்று பங்கில் உப்பு 780ஆகச் செறிந்திருக்கும். ஆர்க்கிட் பக்கமே அதைக் கொண்டுபோக வேண்டாம்.

ஆர்.ஓ. இயந்திரம் இல்லாதவர்களுக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர் நல்ல மாற்று. பெரும்பாலான கேன்கள் 100க்குக் கீழேயே காட்டுகின்றன; ஆனால் ஒரே முத்திரையுடைய கேனில்கூட எண் கேனுக்குக் கேன் மாறுவதை நான் கவனித்திருக்கிறேன். எனவே புதுக் கேன் வந்தவுடன் ஒருமுறை நனைத்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். பேட்டரிக் கடைகளில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் உப்பே இல்லாதது என்றாலும், ஒன்றிரண்டு செடிகளுக்கு மேல் அதன் விலை கட்டுப்படியாகாது. அமிலம் வைத்திருந்த பாத்திரத்தில் அளந்து ஊற்றித் தரும் கடையில் அதை வாங்கவும் கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் எங்கள் வீட்டில் 20ஐ ஒட்டிக் காட்டுகிறது. புழுக்கமான மாதங்களில் அது வாளிக்கணக்கில் கிடைக்கும். செம்புக்குழாயையும் தூசியையும் தொட்டு வருவதால், நீண்ட நாள் ஓடாமல் இருந்த ஏ.சி.யின் முதல் நீரைக் கொட்டிவிட்டுப் பிறகு பிடித்தால், செலவில்லாத நல்ல நீர் அது.

எல்லாவற்றிலும் மேலானது மழைநீர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. வடகிழக்குப் பருவமழையின் நடுவில் மொட்டை மாடியில் பிடித்த நீர் 15க்கும் கீழே காட்டியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். பத்துச் சதுர மீட்டர் தார்ப்பாயில் 20 மில்லிமீட்டர் மழை 200 லிட்டரைத் தந்துவிடும். பத்துப் பதினைந்து ஆர்க்கிட் தொட்டிகளுக்கு அது பல வாரங்களுக்குப் போதும். 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் ஏற்கெனவே இருக்கும். அதில் ஒரு வால்வு வைத்துப் பீப்பாய்க்குத் திருப்பலாம். மணலியையும் எண்ணூரையும் ஒட்டி வாழும் நாம், தொழிற்சாலைத் தூசி கழுவப்படும் முதல் மழையைப் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும். சில நாள் இடைவெளிக்குப் பின் வரும் மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களையும் அப்படியே. பீப்பாயின் வாயைக் கொசு நுழையாத வலையால் கட்டுவதும், மேலே இறுக்கமான மூடி போடுவதும் கட்டாயம். டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. மழைக்காலமே அதன் காலமும்.

மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ மட்டுமே ஊற்றுகிறவர்கள், அதில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூன்று பங்கு ஆர்.ஓ. நீரோடு ஒரு பங்கு மெட்ரோ வாட்டரைக் கலப்பது என் வழக்கம். 80உம் 400உம் அந்த விகிதத்தில் சேர்ந்தால் 160 வருகிறது. தேவையான சுண்ணாம்பு ஓரளவு கிடைக்கிறது, நீரும் மிச்சமாகிறது. கால்சியம் நைட்ரேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் வாங்கிப் போடுகிறவர்கள், அவற்றைச் செறிந்த கரைசலாக ஒன்றாகக் கலக்காமல் வெவ்வேறு நாள்களில் கொடுக்க வேண்டும், சேர்த்தால் படிந்துவிடும். உரக் கரைசலின் செறிவை இந்தக் கருவியால் அளந்துவிடலாம் என்று நினைப்பது தவறு. நாம் வழக்கமாக வாங்கும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தில் நைட்ரஜனின் பெரும்பகுதி யூரியாவாக இருக்கிறது. யூரியா கரைந்தாலும் மின்னைக் கடத்தாது. எனவே கருவி காட்டுவதைவிடக் கரைசல் செறிவாகவே இருக்கும்.

கருவியை வாங்கிய பலர் தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். என் பார்வையில் அதன் சிறந்த பயன் தொட்டிக்குக் கீழே இருக்கிறது. தொட்டியில் நீர் ஊற்றி, அடியில் வடியும் நீரைக் கிண்ணத்தில் பிடித்து அளந்து, ஊற்றிய நீரின் எண்ணோடு ஒப்பிட்டால், உள்ளே எவ்வளவு உப்பு சேர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். 100 ஊற்றி 500 வடிந்தால், தொட்டியை உப்பில்லாத நீரால் நன்றாகக் கழுவி, வடியும் எண் ஊற்றும் எண்ணை நெருங்கும்வரை விட வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டுகளைத் தொட்டியில் இடுகிறவர்களுக்கும் இதே முறை உதவும். மட்டையில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே மிகுதி. உப்பங்கழி நீரில் ஊறியதாக இருந்தால் இன்னும் கூடுதல். ஊறவைத்த நீரை மாற்றி மாற்றி அளந்து, எண் இறங்கி நின்ற பிறகே செடியை நட வேண்டும்.

கருவியின் விலைக்குக் குறைசொல்ல எதுவுமில்லை. இதைவிடப் பல மடங்கு விலையில், மின்கடத்தும் திறனையும் பிஎச் அளவையும் ஒன்றாகக் காட்டும் கருவிகள் கிடைக்கின்றன. பிஎச் நுனியை ஈரமாகவே பாதுகாக்க வேண்டும், அடிக்கடி சரிபார்க்க வேண்டும், ஓரிரு ஆண்டுகளில் மாற்றவும் நேரும். பால்கனியில் சில தொட்டிகள் வைத்திருப்பவர்களுக்கு அது தேவையில்லை. வாண்டாவைத் தொங்கவிட்டு நாள்தோறும் நனைக்கிறவர்கள், பெரிய அளவில் வளர்த்து விற்கிறவர்கள் ஆகியோருக்கு மட்டும் அந்தச் செலவைப் பரிந்துரைப்பேன். சாதாரணப் பேனாவை வாங்கும்போது கடையிலேயே அவர்களுடைய ஆர்.ஓ. நீரிலும் குழாய்நீரிலும் நனைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண் நிலைக்காமல் தாவிக்கொண்டே இருந்தால் வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே இருப்பவை இரண்டு பொத்தான் பேட்டரிகள். நம் பகுதியில் எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.